பொருள்: தெரியவில்லை

“இது யாரு கையெழுத்துன்னு கேக்குறேன். வாயில என்ன, பூட்டா?”

“கத்தாதம்மா. இது மாடிப்படி.”

“மாடிப்படின்னு எனக்கும் தெரியும், பத்தொன்பது வருஷமா ஏறி இறங்குறேன். கையெழுத்து யாருதுண்ணா?”

“அந்தக் காலத்துல அங்க நூறு பேரு வேலை பாத்தான். எவன் போட்டானோ, எனக்கு எப்படித் தெரியும்?”

“நூறு பேரும் பன்னிவால் மாதிரி சுழிச்சா போட்டான்?”

நான் தையல் மிஷின் மிதியிலிருந்து காலை எடுத்தேன். என் வீட்டுக் கதவு எப்போதும் ஒரு சாண் திறந்தே இருக்கும், காற்றுக்காக. அந்தப் பக்கம் காற்றே வராது என்பது வேறு விஷயம். அந்த ஒரு சாண் வழியாகப் பார்த்தால் முதல் மாடித் திருப்பமும், சுவரில் அடித்திருக்கும் அறிவிப்புப் பலகையும் தெரியும். பலகைக்கு முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் இரண்டாம் மாடி ராடார்காரர், கையில் பால் பாக்கெட். இன்னொருத்தி மூன்றாம் மாடி மருந்துக்கடைக்காரி, கையில் அச்செடுத்த ஒரு தாள். தாளைப் பலகையோடு சேர்த்து வைத்து உள்ளங்கையால் அழுத்திக்கொண்டிருந்தாள். பலகையில் ஏற்கெனவே ‘மொட்டைமாடியில் துணி காயப்போடுவோர் கவனத்திற்கு’ என்ற அறிவிப்பு இருந்தது. கட்டடச் செயலாளர் ராடார்காரர்தான்; அதன் அடியில் செயலாளர் என்று போட்டு, ஒரு சுழி. மருந்துக்கடைக்காரியின் தாளிலும் அதே சுழி. கண் தெரியாதவர் கூட விரலால் தடவிப் பார்த்து இரண்டும் ஒன்று என்று சொல்லிவிடலாம்.

எங்கள் கட்டடம் விமானப்படைத் தளத்தின் பின்சுவரை ஒட்டி நிற்கிறது. நாலு மாடி, எட்டு வீடு. விமானம் ஏறினால் சன்னல் கண்ணாடி பல்லைக் கடிக்கும், என் மேஜையில் குண்டூசிகள் நடக்கும். தளத்தில் இருப்பவர்களின் சீருடையைப் பிரித்துத் தைப்பதுதான் என் தொழில். யாருக்குத் தொப்பை வந்தது, யாருக்குத் தோளில் பட்டை ஏறியது, யாருடையதைப் பிரித்து எடுக்கவேண்டி வந்தது, எல்லாம் அவர்கள் மனைவிமாருக்குத் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே எனக்குத் தெரியும். “நம்ம கட்டடத்துல ரெண்டு ராடார், ஒண்ணு ரிட்டயர் ஆயிடுச்சு” என்று என்னை வைத்துக் கேலி பேசுவார்கள். பேசட்டும்.

ரிட்டயர் ஆன ராடார்தான் இப்போது பால் பாக்கெட்டோடு திருதிருவென்று முழித்துக்கொண்டிருந்தார்.

கதையைக் கொஞ்சம் பின்னால் இழுக்க வேண்டும். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மேகமூட்டமான சாயங்காலம், நாலு மணி இருக்கும், தளத்தில் ராடார் திரையில் என்னவோ தெரிந்ததாம். என்னவென்று பார்த்துவர ஒரு விமானியை அனுப்பினார்கள். போனவர் திரும்பவில்லை. விமானத்தின் வால் பகுதி மட்டும் கடலில் மிதந்து வந்தது. விசாரணை நடந்தது. இரண்டு பக்கச் சுருக்கத்தை விமானியின் மனைவியிடம் கொடுத்தார்கள். வானத்தில் எதுவும் இல்லை, இல்லாத ஒன்றைத் துரத்திப் போய் மேகத்துக்குள் திசை தவறிவிட்டார், காரணம் ‘விமானியின் மனத்தடுமாற்றம்’. அந்த மனைவிதான் இந்த மருந்துக்கடைக்காரி. அப்போது அவளுக்கு முப்பத்தொன்று, மகளுக்கு நாலு.

மனத்தடுமாற்றம் என்ற சொல் கட்டடத்துக்குள் வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. முதல் மாடியில் தடுமாற்றமாக இருந்தது, நாலாவது மாடி போவதற்குள் குடியாகிவிட்டது. நானும்தான் பேசினேன். பேசவில்லை என்று சொன்னால் யார் நம்பப் போகிறீர்கள்?

பேசாதவர் ஒருவர்தான். அன்றைக்குத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ராடார்காரர். மூன்றாம் மாடிக்கு ஏறிப் போய், “உன் வீட்டுக்காரரு தப்புப் பண்ணலம்மா. திரையில இருந்துச்சு. நான் பாத்தேன், எழுதியும் குடுத்தேன். எவனும் கேக்கல. கேக்காதது மட்டுமில்ல, என்னையும் கிடங்குக்குத் தூக்கிப் போட்டுட்டான்” என்றார். அவள் அன்றைக்குத்தான் முதன்முதலாக அழுதாள். அன்றிலிருந்து அவர் அண்ணன். அவள் பெண்ணுக்கு மாமா. மாமா பையனும் அதே தளத்தில் அதே திரைக்கு வேலைக்குப் போக, கட்டடம் அவனுக்குச் சின்ன ராடார் என்று பெயர் வைத்தது. அந்தப் பெண் பல் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறாள். இரண்டும் மொட்டைமாடியில் ஒன்றாக நின்று பேசுவதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, முறைதானே என்று விட்டுவிட்டார்கள். கல்யாணத்துக்குப் பதிவு அலுவலகத்தில் நாளும் கேட்டு வைத்திருந்தார்கள்.

இந்த நிலைமையில்தான் ராணுவத்துக்கு வெளிப்படைத்தன்மை வந்தது.

வந்தது என்றுதான் சொல்ல வேண்டும், சளி வருவது மாதிரி. டிவியில் மார்பு நிறையப் பதக்கம் குத்திய ஓர் அதிகாரி வந்து, ‘அடையாளம் காணப்படாத வான் நிகழ்வுகள்’ பற்றி இனி மக்களிடம் எதையும் மறைக்க மாட்டோம், பழைய கோப்புகளை எல்லாம் இணையத்தில் போடப்போகிறோம் என்றார். அவருடைய சட்டையில் தோள் தையல் சரியாக உட்காரவில்லை, அதையும் பார்த்தேன். ராடார்காரருக்கு அன்றிலிருந்து கால் தரையில் பாவவில்லை. படியில் யாரைப் பார்த்தாலும் நிறுத்தி வைத்து, “நான் அப்பவே சொன்னேன்ல?” என்பார். பேட்டி எடுக்க ஆள் வரும் என்று என்னிடம் புதுச் சட்டைக்கு அளவு கொடுத்தார். அவர் மனைவி, நாங்கள் செயலாளரம்மா என்று கூப்பிடுவோம், பக்கத்தில் நின்றுகொண்டு, “கண்ணாடிய மூக்கு மேல வெச்சுக்கிட்டே கண்ணாடியத் தேடுற மனுஷன். இவரு வானத்துல போனத அடையாளம் காட்டப்போறாராம்” என்றாள். அந்தச் சமயம் அவளுக்கும் பெருமைதான்.

மருந்துக்கடைக்காரியிடம் அவரே போய்க் கோப்பு எண்ணைச் சொன்னார். “வரட்டும், நான் எழுதினதை நீயே படிப்பே.” இதை ஏன் சொன்னார் என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். விசாரணை அறிக்கையைத்தான் போடுவார்கள், பதிவேட்டுத் தாளை எவன் போடப்போகிறான் என்று நினைத்திருக்கலாம். அல்லது பத்தொன்பது வருஷம் சொல்லிச் சொல்லி, சொன்னது நடந்ததாகவே ஆகிவிட்டிருக்கலாம். இரண்டாவதுதான் என்று எனக்குப் படுகிறது.

கோப்பு வந்தது. முப்பத்தேழாம் பக்கத்தில் பதிவேட்டுத் தாளும் வந்தது. பெயர் இருந்த இடத்தில் எல்லாம் கறுப்புக் கட்டம் போட்டிருந்தார்கள். சுழியை மட்டும் விட்டுவிட்டார்கள். அது கையெழுத்து என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை போல, கிறுக்கல் என்று நினைத்திருப்பார்கள்.

தாளில் நேரம், திசை, உயரம் என்று கட்டங்கள். அதில் ஒரு கட்டத்தின் தலைப்பு ‘பொருள்’. அதற்குக் கீழே இப்படி எழுதியிருந்தது: ‘விமானிக்கும் தெரிகிறது. திரையிலும் தெரிகிறது. என்னவென்றுதான் தெரியவில்லை.’ எழுதிய பிறகு, கடைசிச் சொல்லை மட்டும் விட்டுவிட்டு மிச்சம் எல்லாவற்றையும் ஒரே கோடாக அடித்திருந்தது. அடித்ததற்குப் பக்கத்தில் சுழி. ஆகப் படிக்கக் கிடைத்தது, பொருள்: தெரியவில்லை. அதாவது கண்ணுக்குத் தெரியவில்லை, எதுவும் இல்லை. மேலே எதுவும் இல்லை என்றால் விமானி எதைத் துரத்தினார்? மனத்தடுமாற்றம்.

அடித்ததைப் படிக்க மருந்துக்கடைக்காரிக்குக் கால் நிமிஷம் கூட ஆகவில்லை. டாக்டர்கள் கோழி கிளறின மாதிரி எழுதுவதைப் பத்தொன்பது வருஷமாகப் படித்து மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள்.

சரி, மாடிப்படிக்கு வருவோம்.

“சரிண்ணா, உங்க கையெழுத்து இல்ல. அப்ப இந்தக் கோடு?” என்றாள். “அடிச்சா ஒரே கோடா அடிக்கணும், கீழ இருக்கிறது படிக்கத் தெரியணும், பக்கத்துல கையெழுத்துப் போடணும், அதுதான் நேர்மைன்னு இந்தக் கட்டடத்துப் பிள்ளைங்களுக்கெல்லாம் கிளாஸ் எடுத்தது யாரு? என் பொண்ணுக்குச் சொல்லிக்குடுத்தது யாரு?”

சொல்லிக்கொடுத்தது அவர்தான். பலகையில் ஒட்டியிருந்த அறிவிப்பிலேயே ‘ஞாயிறு’ என்பதை ஒற்றைக்கோட்டால் அடித்து, ‘திங்கள்’ என்று எழுதி, பக்கத்தில் சுழித்திருந்தார். வேறு தாளில் எழுதி ஒட்டலாமே என்றால் கேட்கமாட்டார். திரைக்கு முன்னால் உட்காருகிறவர்களுக்கு அது பழக்கமாம். பதிவேட்டில் அழிக்கக்கூடாது, மேலே எழுதக்கூடாது, தாளைக் கிழிக்கக்கூடாது.

“அது அங்க எல்லாருக்கும் பழக்கம்தாம்மா,” என்றார். குரல் இறங்கிவிட்டது.

சத்தம் கேட்டுச் செயலாளரம்மா கரண்டியோடு இறங்கி வந்தாள். விஷயத்தை நாலு வார்த்தையில் புரிந்துகொண்டாள். புரிந்துகொள்வதில் அவள் கெட்டிக்காரி, புரியாதது மாதிரி நிற்பதில் அதைவிடக் கெட்டிக்காரி.

“என்னடி இது, காலங்காத்தால தாளைத் தூக்கிட்டு வந்து மனுஷனை நிக்கவெச்சுக் கேள்வி கேக்குற? உனக்காகப் பேசினதுக்குக் கிடங்குல மூட்டை எண்ணினவரு இவரு. நன்றி இருக்கா?”

“எனக்கு ஒரே ஒரு பக்கம் வேணும் அண்ணி,” என்றாள் மருந்துக்கடைக்காரி. “குடும்பத்துக்காரங்க ஆட்சேபணை சொல்ல அறுபது நாள் குடுத்திருக்காங்க. பதிவேடு எழுதின ஆளு ‘இந்த வரியை நான் எழுதினேன், நான் அடிச்சேன்’னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தா அந்த மனத்தடுமாற்றத்தை எடுத்துடுவாங்க. அவர் பேர்ல இருக்கிற அந்த ஒரு வார்த்தை போனாப் போதும். வேற எதுவும் எனக்கு வேண்டாம்.”

“அவரு எழுதலைன்னு சொல்றாருல்ல? பொய்யா எழுதிக்குடுக்கச் சொல்றியா? அப்புறம் எந்த முகத்தோட சம்பந்தம் பேசறது?”

ராடார்காரர் அதைக் கொழுகொம்பாகப் பிடித்துக்கொண்டார். “உண்மையைச் சொன்னதுக்கு நான் பட்டது போதாதா? என்னைக் கிடங்குக்குத் தள்ளினான், சம்பளத்துல...”

அந்த இடத்தில்தான் என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை.

“கிடங்குக்குப் போனப்ப உங்களுக்குப் பட்டை ஏறிச்சே,” என்றேன், கதவிடுக்கு வழியாக. “நான்தானே தைச்சேன். ரெண்டு சட்டை. இவ வீட்டுக்காரரு போயி முப்பது நாள் கூட ஆகல.”

பத்தொன்பது வருஷமாக அது எனக்குத் தெரியும். ஊரில் உள்ள அத்தனையையும் உரித்து வைக்கிற எனக்கு இது மட்டும் ஏன் தோன்றவில்லை? நல்லவர் ஒருவராவது இருக்கட்டும் என்று விட்டிருப்பேன். தண்டனை கொடுத்து அனுப்புகிறவனுக்கு யாராவது பட்டை ஏற்றுவார்களா?

மூன்று பேரும் என் கதவைப் பார்த்தார்கள். ராடார்காரர் முகத்தில் ஈயாடவில்லை. அவர் கையிலிருந்த பால் பாக்கெட்டில் எங்கோ ஓட்டை, பால் படியில் சொட்டிக்கொண்டிருந்தது. செயலாளரம்மா அவரைப் பார்த்த பார்வையிலிருந்து, பட்டை விஷயம் அவளுக்குத் தெரியும், தாளில் அவர் அடித்தது தெரியாது என்பது எனக்குப் புரிந்தது. மேலே ஒரு விமானம் ஏறியது. கண்ணாடிகள் பல்லைக் கடித்து அடங்கின.

மருந்துக்கடைக்காரி தாளை நாலாக மடித்தாள். “அறுபது நாள்,” என்றாள். அண்ணா என்று சேர்க்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் மாடிப்படி செத்துப்போய்விட்டது. மருந்துக்கடைக்காரி ஏறும்போது இரண்டாம் மாடிக் கதவு சாத்திக்கொள்ளும். ராடார்காரர் பலகையில் எதுவும் ஒட்டுவதில்லை. தண்ணீர்த் தொட்டியைச் சுத்தம் செய்யும் நாள் தெரியாமல் நாலாம் மாடிக்காரர் தலையில் சோப்போடு நின்றார். பேட்டி எடுக்கவும் ஆள் வரவில்லை. புதுச் சட்டை என்னிடமே தொங்கிக்கொண்டிருந்தது.

இருபதாவது நாளோ என்னவோ, மருந்துக்கடைக்காரியின் பெண் பாவாடையின் கரை பிரிந்துவிட்டது என்று என் வீட்டுக்கு வந்தாள். கூடவே சின்ன ராடாரும் வந்தான். மொட்டைமாடியில் பேசினால் இரண்டு வீட்டுக்கும் தெரிந்துவிடுமாம், அதனால் இங்கே. என் வீட்டில் பேசினால் யாருக்கும் தெரியாது என்று நினைத்த பிள்ளைகள் இந்தக் கட்டடத்தில் இந்த இரண்டுதான்.

“உங்கப்பாகிட்ட ஒரு தடவை கேளு. ஒரே தடவை. ‘எழுதிக் குடுங்கப்பா’ன்னு,” என்றாள்.

“அவருக்கு வயசாயிடுச்சு. தூக்கமில்ல, சாப்பிடல. பழசைப் போயி இப்ப...”

“உங்கப்பாவுக்கு வயசாயிடுச்சு. எங்கப்பாவுக்கு வயசே ஆகலையே. முப்பத்திநாலுலயே நிக்கிறாரு.”

அவன் என் மேஜையிலிருந்த நூல்கண்டை எடுத்து உருட்டினான். “எனக்கும் அந்த ரூம்லதான் வேலை. அப்பா அங்க இருக்கிற ஆளுங்களைப் பத்தி எழுதிக் குடுத்தா, நாளைக்கு நான் எப்படி உள்ள போறது?”

“அப்ப கேக்கமாட்டே.”

“கேக்கமாட்டேன்னு சொல்லல...”

“சொல்லிட்டே,” என்றாள். என்னிடம் திரும்பி, “கரை எப்ப ரெடியாகும் அத்தை?” என்றாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. எக்ஸ்ரே எடுக்கிறவள், உள்ளே இருப்பதைப் பார்த்துவிட்டு வெளியே காட்டாமலிருக்கப் பழகியவள். பதிவு அலுவலகத்தில் கேட்டு வைத்த நாள் அப்படியே கடந்து போனது. அன்றைக்கு அவள் வேலைக்குப் போனாள்.

ஐம்பத்தெட்டாவது நாள் மத்தியானம் ராடார்காரர் வந்தார். கையில் ஒரு பேன்ட், பட்டன் அறுந்ததாம். அறுத்துக்கொண்டு வந்தது நூலைப் பார்த்தாலே தெரிந்தது. உட்காருங்கள் என்றேன். உட்காராமல் நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“பொய் எழுதச் சொல்லல,” என்றார். யாரும் எதுவும் கேட்காமலே. “எழுதினதுல அஞ்சு வார்த்தையைக் குறைக்கச் சொன்னாங்க, அவ்வளவுதான். மிச்சம் இருந்த வார்த்தை உண்மைதானே? அது என்னன்னு எனக்குத் தெரியாதுதானே? இன்னைக்கு வரைக்கும் தெரியாதே?”

என் வாயில் நாலு குண்டூசி இருந்தது. அவரிடம் வாயைத் திறக்காமலிருக்க அது வசதியாகவும் இருந்தது.

“கோபமா சொல்லியிருந்தா மாட்டேன்னு சொல்லியிருப்பேன். சத்தியமா சொல்லியிருப்பேன். பெரிய அதிகாரி நாற்காலியைக் காட்டி, உட்காருப்பான்னாரு. பதினெட்டு வருஷம் அந்த ரூமுக்குப் போயிருக்கேன், எவனும் என்னை உட்காரச் சொன்னதில்ல. உட்கார்ந்தேன். பேனாவையும் அவரே குடுத்தாரு.”

ஊசிகளை எடுத்தேன். “கிடங்கு?”

“நானாக் கேட்டு வாங்கினது. அந்தத் திரையைப் பாக்க முடியல. அந்தப் புள்ளி அங்கயே நிக்கிற மாதிரி இருந்துச்சு.”

“அப்புறம் ஏன் அவகிட்டப் போயி அப்படிச் சொன்னீங்க?”

“ஆறுதல் சொல்லத்தான் போனேன். படியேறும்போது வேற ஒண்ணு சொல்லணும்னுதான் ஏறினேன். கதவைத் திறந்தா, இடுப்புல குழந்தையோட நிக்கிறா. வாயில இது வந்துருச்சு. ஒரு தடவை சொன்னா அதோட விடுமா? சொல்லிக்கிட்டே இருக்க வேண்டியதாப் போச்சு.” பேன்ட்டை என் மடியில் வைத்தார். “உன் மேஜையில உட்கார்ந்து ஒண்ணு எழுதிக்கலாமா? வீட்டுல எழுதினா அவ கிழிச்சுடுவா.”

துணியை ஒதுக்கி இடம் கொடுத்தேன். பட்டன் தைக்கிற சாக்கில் பக்கத்திலேயே இருந்தேன். ஒரு பக்கம் எழுத ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கடைசி வரி, ‘இச்சொற்களை அடிக்குமாறு எனக்கு உத்தரவிடப்பட்டது’ என்று இருந்தது. அதையே வெகுநேரம் பார்த்தார். அப்புறம் ஒற்றைக்கோட்டால் அடித்தார். கீழே ‘இச்சொற்களை நான் அடித்தேன்’ என்று எழுதினார். பக்கத்தில் சுழி.

“அதை ஏன் அடிச்சீங்க? உத்தரவு போட்டது நெசம்தானே?”

“கீழ இருக்கிறது படிக்கத் தெரியும்ல,” என்றார்.

மேலே போனார். நானும் மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனேன், துணி எதுவும் காயப்போட்டிருக்கவில்லை. மருந்துக்கடைக்காரி கதவைச் சங்கிலியோடு திறந்தாள். தாளை இடுக்கு வழியாக வாங்கிப் படித்தாள். முதல் வரியிலிருந்து கடைசி வரை, மருந்துச்சீட்டைப் பார்க்கிற மாதிரி. அவர் ஏதாவது சொல்லுவாள் என்று நின்றார்.

“தேதி போடல,” என்று திருப்பிக் கொடுத்தாள்.

அவர் தாளைச் சுவரில் வைத்துத் தேதி போட்டார். சுவர் சொரசொரப்பு, எண்கள் நெளிந்தன. வாங்கிக்கொண்டாள். கதவு சாத்திக்கொண்டது. அவர் இறங்கும்போது என்னைப் பார்த்தார், ஆனால் நான் ஏன் அங்கே நிற்கிறேன் என்று கேட்கவில்லை.

மூன்று மாதம் கழித்து, ‘வெளிப்படைத்தன்மையின் அடுத்த கட்டம்’ என்ற தலைப்பில் இணையத்தில் ராடார்காரருடைய தாளையும் போட்டார்கள். மருந்துக்கடைக்காரி அதை அச்செடுத்து முதலில் என்னிடம்தான் கொண்டுவந்தாள். ஏன் என்னிடம் என்று தெரியவில்லை, படியிறங்கினால் திறந்திருக்கும் கதவு என்னுடையது மட்டும் என்பதால் இருக்கலாம். வேண்டுமென்றேதான் செய்தார்களோ என்னவோ, அவர் ஒற்றைக்கோட்டால் அடித்திருந்த ‘உத்தரவிடப்பட்டது’ வரியின் மேல் கறுப்புக் கட்டம் உட்கார்ந்திருந்தது. ‘இச்சொற்களை நான் அடித்தேன்’ என்பதைத் தொடவில்லை. படிக்கிறவர்களுக்கு அந்த ஆள் தன்னிஷ்டத்துக்கு அடித்தான் என்றுதான் ஆகும்.

அதோடு ஒரு முடிவும் வந்திருந்தது. இரண்டே வரி. ‘விமானி’ என்று இருந்தது, அதற்குப் பிறகு ஒரு கறுப்புக் கட்டம், அதற்குப் பிறகு ‘மீதான மனத்தடுமாற்றம் என்ற முடிவு நீக்கப்படுகிறது. விபத்துக்கான காரணம்: தெரியவில்லை.’

“போயிடுச்சே, அந்த வார்த்தை போயிடுச்சே!” என்றேன். எனக்கு நிஜமாகவே சந்தோஷம்.

அவள் அந்தக் கறுப்புக் கட்டத்தின் மேல் விரலை வைத்தாள். “பேரும் போயிடுச்சு,” என்றாள். “யாரு மேல தப்பில்லைன்னு சொல்றாங்க? இதை யாருகிட்டப் போயி இவருதான்னு காட்டுறது?”

என் வீட்டிலிருந்துதான் அந்த அலுவலகத்துக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். எதிர்முனையில் ஓர் இளைஞன், குரலில் ஏகப்பட்ட மரியாதை.

“குடும்பத்தாரோட தனியுரிமையைப் பாதுகாக்கத்தாம்மா பேரை மறைச்சிருக்கோம்.”

“குடும்பத்தாரு நான்தாங்க.”

“ஆமாம்மா. உங்களைத்தாம்மா பாதுகாக்கிறோம்.”

“எனக்கு வேண்டாம்ங்க பாதுகாப்பு. பேரைப் போட்டுடுங்க.”

“அதுக்கு மனு குடுக்கணும்மா. ஆனா கோப்பு வெளியிட்டாச்சு. வெளியிட்ட கோப்பைத் திருத்த வழியில்லம்மா.”

“அடிச்சு, பக்கத்துல எழுதலாமே. ஒரே கோடா. கையெழுத்துப் போட்டு.”

அந்தப் பையனுக்குப் புரியவில்லை. மனு கொடுங்கள், பரிசீலித்துக் கடிதம் அனுப்புவோம், தோராயமாக எவ்வளவு நாளாகும் என்று சொல்ல முடியாது என்றான்.

அவள் போனை வைத்தாள். என் மேஜையிலிருந்த சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, நான் வெட்ட வைத்திருந்த கறுப்புத் துணியின் ஓரத்தில் தன் வீட்டுக்காரர் பெயரை எழுதினாள். பார்த்தாள். உள்ளங்கையால் தேய்த்துவிட்டு மேலே போனாள். அந்தத் துணியை நான் இன்னும் வெட்டவில்லை.

இப்போது எல்லாரும் ஆளுக்கு ஒரு திசை. ராடார்காரரும் செயலாளரம்மாவும் அவள் தம்பி ஊருக்குப் போய்விட்டார்கள். லாரியில் சாமான் ஏறிய அன்று அவர் பலகையிலிருந்த அறிவிப்பை எடுத்துப் போவார் என்று பார்த்தேன், எடுக்கவில்லை. புதுச் சட்டையையும் வாங்கிக்கொள்ளவில்லை. அவர் மனைவி என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே போனாள், அது நியாயம்தான். சின்ன ராடார் தானாகவே கேட்டு ஒரு தீவுக் கண்காணிப்பு நிலையத்துக்கு மாற்றல் வாங்கிப் போனான். அங்கே அவனும் ஒரு திரையும்தானாம், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அந்தப் பெண் போன வருஷம் லிஃப்ட் பொருத்தும் கம்பெனிக்காரன் ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டு தூரத்து நகரத்துக்குப் போனாள். தங்கமான பையன், சிரித்தால் பேசமாட்டான், பேசினால் சிரிக்கமாட்டான். சுடிதாருக்கு அளவெடுக்கும்போது அவளிடம் சின்ன ராடாரைப் பற்றி லேசாகத் தூண்டிப் பார்த்தேன். “இடுப்புல அரை இன்ச் கூட்டிடுங்க அத்தை” என்றாள்.

பேரக்குழந்தை பிறந்திருக்கிறது, வந்து கூடவே இரு அம்மா என்று வாராவாரம் கூப்பிடுகிறாள். மருந்துக்கடைக்காரி போகவில்லை. மனுவில் கொடுத்தது இந்த விலாசம்தான், வீடு மாறிவிட்டால் கடிதம் தவறிப்போகும் என்கிறாள். தினமும் கடைக்குப் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை, கீழே தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறாள். அந்தத் தகர மூடியின் சத்தம் என் வீடு வரைக்கும் கேட்கும்.